9 உம் 15 உம்: சேர்வர்களை நிறுத்துவதன் ஒரு சிறு வரலாறு

போன வருடம் ஒரு போயா லீவு நாள். எங்கட பட்ச்சில் ஏழு பேர் சேர்ந்து பழைய மலர்களுக்கு ஒரு விபரப்பட்டியல் செய்துகொண்டிருந்தோம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய வெள்ளிவிழா மலர் என்று வீடு வீடாக அலுமாரிக்குள் கிடக்கிற சாமான்கள். எங்களில் ஒருவனின் வீட்டில் சும்மா கிடந்த பழைய கொம்பியூட்டர்தான் சேர்வர். அதில் ஒரு சின்னப் புரோகிராம் ஓடும். யாரும் தங்கட வீட்டில் இருந்தபடியே அதற்குள் போய் மலரின் பெயர், ஆண்டு, அச்சகம், உள்ளே யார் யார் எழுதியிருக்கினம் என்ற விபரங்களை நிரப்பலாம். இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் எங்கள் எல்லாரையும்விடக் கூட நிரப்பிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பக்கம் திறபடாமல் சுத்திக்கொண்டே நின்றது. நிப்பாட்டித் திரும்பப் போட்டால் சரிவரும் எண்டு நினைத்து இணையத்தில் தேடினேன். முதலாவதாக வந்த விடையைப் பார்த்து 'கில்', பிறகு 'மைனஸ் 9', பிறகு அந்தப் புரோகிராமின் இலக்கம். என்ரர் தட்டியதும் ஒரு கணம்கூட எடுக்கவில்லை, நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன், வேலை செய்தது. பெரிய கெட்டித்தனம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "பிள்ளை, காலமை தொடக்கம் நான் போட்ட ஒண்டையும் காணேல்லையே?"

31 மலர்களின் விபரம் போய்விட்டது. கணினி படிக்கிற நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்கட புரோகிராம் எல்லாத்தையும் நினைவகத்துக்குள்ள வச்சிருந்து, மூடேக்கதான் டிஸ்க்கில எழுதுது. நீ அதை மூட விடேல்லை. 15 இருக்கேக்க ஏன் 9 குடுத்தனீ?"

நான் வரலாறு படிக்கிற ஆள். 15 என்ன, 9 என்ன எண்டு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு இலக்கங்களுக்கு நடுவில் ஒரு மனுசியின் ஒரு காலைப்பொழுது காணாமல் போகுமென்றால், அந்த இலக்கங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கவேணும். தேடிப் பார்த்தேன். இருந்தது.

லைன் அறுந்தால் என்ன செய்வது?

கதை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை அங்கேதான் எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகத்தின் பெரும்பாலான சேர்வர்களில் ஓடுகிற லினக்ஸ் அதன் வழியில் வந்தது. உங்கட அன்ரொயிட் போனுக்கு அடியில் ஓடுவதும் அதே லினக்ஸ்தான்.

பெல் ஆய்வுகூடம் ஒரு தொலைபேசிக் கம்பனிக்குச் சொந்தமானது. அந்தக் காலத்தில் தூர இடத்தில் இருப்பவர் கணினிக்குள் வருவதும் தொலைபேசி லைன் வழியாகத்தான். அங்கே ஒரு கேள்வி வந்தது. ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது லைன் அறுந்துவிட்டால், அவருக்காக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களை என்ன செய்வது? அவை ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கக்கூடாது. அதனால் கணினி அவற்றுக்கு ஒரு சேதி அனுப்பும். அந்தச் சேதிக்குப் பெயர் சமிக்ஞை. ரிசீவரை வைத்துவிட்டார்கள் என்று அறிவிக்கிற சமிக்ஞைக்கு இலக்கம் 1, பெயர் 'ஹாங்கப்'. இன்றும் லினக்ஸில் 1 ஆம் இலக்கம் அதுதான். தொலைபேசி லைன் போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சி நிற்கிறது. றோட்டு அகலமாக்கி மரத்தைத் தறித்த பிறகும் 'ஆலடிச் சந்தி' என்றே சொல்கிறோமே, அதைப் போல.

ஓடுகிற புரோகிராமை நிறுத்தும் கட்டளைக்கு 'கில்' என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. கில் என்றால் கொலை. புரோகிராமுக்கு ஒரு சொல் சொல்ல வாய்ப்பில்லை. 1979 இல் வந்த யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் நிலைமை வேறு. அங்கே கில் கட்டளை இலக்கம் எதுவும் சொல்லாவிட்டால் 15 ஆம் சமிக்ஞையை அனுப்பும். அதன் பெயர் 'டேர்ம்', முடித்துக்கொள் என்று அர்த்தம். 9 ஆம் சமிக்ஞையான 'கில்' பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அதை வேண்டுமென்றே கேட்டு வாங்கவேண்டும்.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான். 15 வந்தால் புரோகிராம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். "சரி, கொஞ்சம் பொறுங்கோ" எண்டு சொல்லிவிட்டு, கையில் இருப்பதை எழுதி, திறந்த கோப்புகளை மூடி, பிறகு தானாகப் போகலாம். 9 ஐ யாரும் பிடிக்க முடியாது. அது புரோகிராமிடம் போவதே இல்லை. இயங்குதளமே புரோகிராமை அழித்துவிடும். 15 வேண்டுகோள், 9 தீர்ப்பு.

வேண்டுகோள் வைக்கும் வழியும் முதலில் சரியாக இருக்கவில்லை. ஏழாம் பதிப்பில் ஒரு சமிக்ஞையை ஒருமுறை பிடித்தவுடன், பிடிக்கிற ஏற்பாடு தானாகவே கழன்றுவிடும். முதலாவது 15 க்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த ஏற்பாட்டை மறுபடி செய்துமுடிக்க முன்னம் இரண்டாவது 15 வந்து விழுந்தால், புரோகிராம் அந்த இடத்திலேயே சாகும். 1983 இல் பேர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பதிப்பு இதைச் சரிசெய்தது. மரியாதையாகக் கேட்பதற்கு ஒரு ஒழுங்கான வழி கிடைக்கவே இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

மணி அடிச்சாச்சு

15 வந்தவுடன் ஒரு நல்ல சேர்வர் என்ன செய்யவேண்டும்? எங்கட நூலகம் சாத்துகிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். கால் மணித்தியாலத்துக்கு முன்னம் மணி அடிக்கும். அதன் பிறகு புதுசாக வருகிற ஆளை வாசலிலேயே நிற்பாட்டுவார்கள். உள்ளே இருப்பவர் எடுத்த குறிப்பை முடித்துக்கொள்ளலாம். இரவல் புத்தகங்கள் பதிவாகும், மேசையில் கிடப்பவை தட்டுக்குப் போகும். கடைசி ஆள் போன பிறகு லைற், பிறகு கதவு. இந்த ஒழுங்கை மாற்றினால் எல்லாம் பிழைக்கும். முதலில் லைற்றை நிற்பாட்டிவிட்டு ஆட்களை வெளியே அனுப்பிப் பாருங்கள், தெரியும்.

சேர்வரும் அப்படித்தான். முதலில் புதுக் கோரிக்கைகளை ஏற்பதை நிறுத்தவேணும். உள்ளே வந்துவிட்டவற்றை முடிக்கவேணும். பிறகு தரவுத்தளத்தோடு இருக்கும் தொடர்பு, திறந்த கோப்பு, தற்காலிகக் கோப்பு எல்லாவற்றையும் திறந்த ஒழுங்குக்கு எதிர் ஒழுங்கில் மூடவேணும். சுவீடனின் எரிக்சன் கம்பனியில் ஜோ ஆம்ஸ்ட்ரோங்கும் கூட்டாளிகளும் 1986 அளவில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கத் தொடங்கிய 'ஏர்லாங்' மொழியில் இது விதியாகவே இருக்கிறது. ஒரு மேற்பார்வையாளர் தன் கீழே உள்ளவர்களை ஒரு ஒழுங்கில் தொடக்குவார், நிறுத்தும்போது கடைசியாகத் தொடங்கியவரை முதலில் நிறுத்துவார். ஒவ்வொரு வேலையாளுக்கும் வழக்கமான அவகாசம் 5 செக்கன். அதற்குள் போகாவிட்டால் பலவந்தம்தான்.

ஆனால் இதெல்லாம் மணி அடிக்க நேரம் இருந்தால்தானே? கறண்ட் போனால் யார் மணி அடிப்பது?

முப்பது செக்கன் இடைவெளி

டிஸ்க்கில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் யுனிக்ஸ் எழுதவேண்டியதை முதலில் நினைவகத்தில் சேர்த்து வைக்கும், பிறகு மொத்தமாக டிஸ்க்குக்குத் தள்ளும். அப்படித் தள்ளச் சொல்கிற கட்டளை 'சிங்க்'. 30 செக்கனுக்கு ஒருதரம் அதைச் செய்வதற்கென்றே ஒரு சின்னப் புரோகிராம் பின்னால் ஓடும். அதாவது எந்த நேரத்திலும் கடைசி அரை நிமிட வேலை அந்தரத்தில்தான் நிற்கும். பழைய யுனிக்ஸ் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கணினியை நிறுத்தமுன் 'சிங்க்' என்று மூன்று தரம் அடிப்பார்கள். ஒரு தரம் போதாதா என்றால், அடித்துமுடிக்கிற நேரத்துக்குள் டிஸ்க் வேலையை முடித்துவிடும் என்பதுதான் கணக்கு. படலையைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்க்கிற அம்மம்மாவின் பழக்கம் மாதிரி.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அடுத்த தரம் தொடங்கும்போது டிஸ்க்கின் கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கிடக்கும். அதைத் திருத்துவதற்குப் பெல் ஆய்வுகூடத்தில் கோவால்ஸ்கி என்பவர் 'எஃப்எஸ்செக்' என்ற புரோகிராமை எழுதினார். அது டிஸ்க் முழுவதையும் துருவிப் பார்க்கும். டிஸ்க் சின்னதாக இருந்த காலத்தில் சரி. டிஸ்க்குகள் பெருக்கப் பெருக்க, ஒரு சேர்வர் விழுந்து எழும்ப மணித்தியாலக் கணக்கு எடுக்கத் தொடங்கியது.

வீட்டுக் கணினியிலும் இதே பிரச்சினைதான். 1995 இல் வந்த விண்டோஸ் 95 ஐ மூடினால், இப்போது அணைப்பது பாதுகாப்பானது என்று கறுப்புத் திரையில் செம்மஞ்சள் எழுத்து வரும். அதன் பிறகு நாங்கள்தான் கையால் சுவிச்சை அமத்தவேண்டும். மென்பொருளே மின்சாரத்தை நிறுத்த வழிவிட்ட ஏரிஎக்ஸ் மின்வழங்கிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. அந்த எழுத்து வருமுன் கறண்ட் போனால்? விண்டோஸ் 98 அடுத்த தரம் நீலத் திரையில் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டு, ஒழுங்காக மூடவில்லை என்று எங்களையே குறை சொல்லும். எங்கட அண்ணாமார் அக்காமாருக்கு அந்தத் திரை ஞாபகம் இருக்கும். யாரோ கறண்டை வெட்ட, பேச்சு வாங்குவது நாங்கள்.

முதலில் கொப்பி, பிறகு பேரேடு

இதற்கான நல்ல விடை வேறொரு பக்கத்தில் இருந்து வந்தது. வங்கிக் கணக்குகளை வைத்திருப்பவர்களுக்கு அரை நிமிடமும் அந்தரத்தில் நிற்கக்கூடாது. ஒருவரின் கணக்கில் கழித்து மற்றவரின் கணக்கில் கூட்டமுன் மெசின் நின்றால், காசு எங்கே? 1970 களில் ஐபிஎம் கம்பனியின் சான் ஹொசே ஆய்வுகூடத்தில் ஜிம் கிரேயும் மற்றவர்களும் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடையின் அடிப்படை எங்கட ஊர்க் கடைக்காரருக்குத் தெரிந்த விசயம். கடையில் சனம் நிற்கும்போது அவர் பெரிய பேரேட்டைத் திறந்து ஒவ்வொருவரின் பக்கத்தையும் தேடிக்கொண்டு நிற்பதில்லை. பக்கத்தில் கிடக்கிற கொப்பியில் 'இன்னார், சீனி ஒரு கிலோ' என்று ஒரு வரி எழுதுவார். இரவு ஆறுதலாகப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேடு பாதியில் நின்றாலும் கொப்பி இருக்கிறது. கணினியிலும் அதேதான்: எதை மாற்றப்போகிறோம் என்பதை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி, அந்த வரி டிஸ்க்கில் உறுதியாக ஏறிய பிறகுதான் உண்மையான தரவில் கை வைக்கவேண்டும். முன்னெழுத்துப் பதிவேடு என்று சொல்லலாம்.

1992 இல் இந்த முறை முழு வடிவத்தில் வெளியானது. அதற்குப் பெயர் 'ஏரீஸ்'. அதை எழுதியவர்களில் முதற்பெயர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தவர். ஏரீஸ் ஒரு விபத்துக்குப் பிறகு மூன்று வேலை செய்யும். பதிவேட்டைப் படித்து விபத்து நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிக்கும். பிறகு நடந்த எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் திரும்பச் செய்யும், முடியாமல் போனவற்றைக்கூட. கடைசியாக, முடியாமல் போனவற்றை மட்டும் பின்னிருந்து முன்னாக அழித்துக்கொண்டு போகும். அந்த இரண்டாவது படிக்கு அவர்கள் வைத்த பெயர் வரலாற்றைத் திரும்ப நடத்துதல். வரலாறு படிக்கிறவளுக்கு இதைவிட என்ன வேணும்! நடந்ததை அழிக்கவேண்டுமென்றாலும், முதலில் அது நடந்தது என்று ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

இதே யோசனை கோப்பு முறைமைக்குள்ளும் வந்தது. 2001 கடைசியில் லினக்ஸில் 'ஈஎக்ஸ்ரி3' சேர்ந்தபோது, விழுந்த சேர்வர் முழு டிஸ்க்கையும் துருவத் தேவையில்லாமல், பதிவேட்டின் கடைசிச் சில வரிகளைப் படித்து எழும்பியது.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ரீச்சர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் ஒரு சீஆர் கொப்பியை எடுத்துக் காட்டினார். முதல் 12 மலர்களின் விபரமும் அதில் அழகான கையெழுத்தில் இருந்தது. கொப்பியில் எழுதிவிட்டுத்தான் கணினியில் அடித்திருக்கிறார். "பிறகு என்னத்துக்கு ரெண்டு வேலை எண்டிட்டு, உங்கட கொம்பியூட்டரை நம்பி நேர அடிக்கத் தொடங்கீற்றன்" எண்டார். மிச்சம் 19 இல் ஏழு மலர்கள் இரவல் வாங்கினவை. அடிச்சு முடிஞ்சதுதானே எண்டு அன்றைக்குப் பின்னேரமே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிறுத்துவதே தேவையில்லையா?

2003 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் கண்டேயா, அர்மாண்டோ ஃபொக்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு குறும்பான கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: எப்படியும் திடீர்ச் சாவைத் தாங்கவேண்டுமென்றால், ஒழுங்காக மூடுவதற்கென்று இன்னொரு வழியை ஏன் வைத்திருக்கவேணும்? நிறுத்துவதென்றால் விழுத்துவது, தொடங்குவதென்றால் விழுந்ததில் இருந்து எழும்புவது. ஒரே வழி. அவர்கள் அளந்து பார்த்தபோது, ரெட்ஹாட் 8 லினக்ஸை ஒழுங்காக மூடித் திரும்பத் தொடங்க 104 செக்கன், விழுத்திவிட்டுத் தொடங்க 75 செக்கன். மரியாதைக்குக் கொடுத்த விலை 29 செக்கன்.

இது பகிடி இல்லை. எப்போதாவது மட்டும் நடக்கிற பாதை நம்பமுடியாத பாதை என்பது அவர்களின் வாதம். 2010 இல் நெட்ஃபிளிக்ஸ் இதை நடைமுறையில் செய்துகாட்டியது. வேலை நேரத்தில் தங்கட சேர்வர்களில் ஏதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் நிறுத்திவிடுகிற ஒரு புரோகிராமைத் தாங்களே எழுதி ஓடவிட்டார்கள். பெயர் 'கேயோஸ் மங்கி', குழப்படிக் குரங்கு. நாங்கள் அதற்குப் புரோகிராம் எழுதத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்கக் கறண்ட் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சரே சொன்னார்.

வேண்டுமென்று விழுவது சில வேளை கூடுதல் நேர்மையான செயலும்கூட. 2018 இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை எழுதுகிறவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டிஸ்க்கில் எழுதியாயிற்றா என்று லினக்ஸிடம் கேட்டு, அது "பிழைச்சுப்போச்சு" என்று ஒருதரம் சொன்ன பிறகு திரும்பக் கேட்டால், எழுதாமலே "எல்லாம் சரி" என்று சொல்லக்கூடும். அதனால் அவர்கள் எடுத்த முடிவு: முதல் பிழையிலேயே தரவுத்தளம் தன்னைத் தானே விழுத்திக்கொள்ளும். பிறகு பதிவேட்டைப் படித்து எழும்பும். தெரியாத நிலையில் தொடர்ந்து ஓடுவதைவிட, தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போவது நல்லது.

அப்படியென்றால் 15 தேவையில்லையா? எப்போதும் 9 ஐயே கொடுக்கலாமா? கொஞ்ச நாள் நானும் அப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். பிழை புரோகிராமில்தான், என்னில் இல்லை.

உள்ளே நிற்கிற ஆட்கள்

ஆனால் பதிவேடு காப்பாற்றுவது எழுதப்பட்டதைத்தான். அந்த நேரம் லைனில் நிற்கிற ஆளை அது காப்பாற்றாது. நீங்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பு என்ற பட்டனை அமத்துகிறீர்கள். அந்தக் கணத்தில் சேர்வர் சாகிறது. தரவுத்தளம் பத்திரமாக இருக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் உங்கட விண்ணப்பம் போனதா இல்லையா? உங்களுக்குத் தெரியாது. திரும்ப அமத்தினால் இரண்டு தரம் போகுமா? அதுவும் தெரியாது. தரவைப் பொறுத்தவரை ஒன்றும் கெடவில்லை. மனுசரைப் பொறுத்தவரை கெட்டுப்போய்விட்டது.

இதனால்தான் இணையச் சேர்வர்களை எழுதியவர்கள் ஒழுங்காக மூடும் வழியைக் கைவிடவில்லை. 1995 இல் வந்த அப்பாச்சி சேர்வருக்கு, நடக்கிற வேலையைக் குழப்பாமல் புது அமைப்புக்கு மாறுகிற வழி ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலையாளும் தன் கையில் இருப்பதை முடித்துவிட்டுப் போக, புது ஆள் வருவார். 2004 இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸிலும் அது உண்டு. ஆனால் அங்கே ஒரு குழப்பம். என்ஜின்எக்ஸுக்கு 15 அனுப்பினால் அவசரமாக மூடும், ஆறுதலாக மூட 3 ஆம் சமிக்ஞை வேண்டும். அப்பாச்சியை ஆறுதலாக நிறுத்துவதற்கோ ஜன்னலின் அளவு மாறியதை அறிவிக்கிற சமிக்ஞையை எடுத்துக்கொண்டார்கள், சேர்வருக்கு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் போலும். திரைக்கு முன்னால் அப்பாச்சியை ஓடவிட்டுக்கொண்டு ஜன்னலை இழுத்துப் பெருப்பித்தவர்கள், சேர்வர் மரியாதையாக விடைபெற்றுப் போவதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது இன்னொரு சிக்கல். போஸ்ட்கிரெஸில் மூன்று விதமான மூடல் உண்டு. முதலாவது, எல்லா ஆட்களும் தாங்களாகப் போகும்வரை பொறுப்பது. இரண்டாவது, முடியாத வேலைகளை இரத்துச் செய்து, ஆட்களை அனுப்பி, ஒழுங்காக மூடுவது. மூன்றாவது, அந்த இடத்திலேயே விழுவது. அதை நிறுத்தும் கட்டளை நெடுங்காலம் முதலாவதைத்தான் வழக்கமாக எடுத்துக்கொண்டது. நல்ல மனசு. ஆனால் யாரோ ஒருவர் தொடர்பைத் திறந்துவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் சேர்வர் மூடாது. 2016 தொடக்கத்தில் வந்த 9.5 பதிப்பில் வழக்கத்தை இரண்டாவதுக்கு மாற்றினார்கள்.

இன்றைக்கு அவகாசம் செக்கன் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 2013 இல் வந்த டொக்கர் 15 அனுப்பிவிட்டு வழக்கமாக 10 செக்கன் பொறுக்கும், பிறகு 9. 2014 இல் கூகிள் வெளியிட்ட குபர்னெற்றிஸ் 30 செக்கன். பெரிய நிறுவனங்களில் ஒரு நாளைக்குப் பல தரம் புதுப் பதிப்புப் போடுகிறார்கள். ஒவ்வொரு தரமும் பழைய சேர்வர்கள் சாகவேண்டும். அதனால் விபத்தாக இருந்த சாவு இப்போது அன்றாட வேலை.

அங்கேயும் ஓட்டைகள் உண்டு. குபர்னெற்றிஸ் ஒரு பக்கத்தில் சேர்வரைப் "போ" என்று சொல்கிற அதே நேரத்தில்தான், இன்னொரு பக்கத்தில் "இனி அங்கே ஆட்களை அனுப்பாதே" என்று சொல்லும். எது முந்தும் என்று உறுதியில்லை. அதனால் சேர்வர் கதவைச் சாத்திய பிறகும் ஆட்கள் வந்து முட்டுவார்கள். வழக்கமான வைத்தியம் என்ன தெரியுமா? சாத்தமுன் சும்மா சில செக்கன் நித்திரை கொள்வது. மூன்று தரம் 'சிங்க்' அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்களும். இன்னொன்று, டொக்கருக்குள் முதலாவதாகத் தொடங்குகிற புரோகிராம் 15 ஐப் பிடிக்கும் ஏற்பாட்டைத் தானாகச் செய்யாவிட்டால், அந்த 15 அதற்குக் கேட்பதே இல்லை. முதலாம் இலக்கப் புரோகிராமை லினக்ஸ் அப்படித்தான் பாதுகாக்கிறது. மணி அடிக்கிறது, உள்ளே யாருக்கும் கேட்கவில்லை, 10 செக்கனில் கதவு உடைகிறது. இப்படி அவகாசம் கொடுத்ததாகக் கணக்கு இருக்கும், அவகாசம் கிடைத்திருக்காது.

என் பங்கு

ஐபிஎம்மை விட்டு வந்த ஜிம் கிரே, 1985 இல் டாண்டம் என்ற கம்பனிக்காக ஓர் அறிக்கை எழுதினார். கணினிகள் ஏன் நிற்கின்றன என்பதுதான் கேள்வி. நிற்காத கணினிகளைச் செய்வதே அந்தக் கம்பனியின் தொழில். புது மெசின்களின் ஆரம்பக் கோளாறுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இயந்திரப் பாகங்களால் நின்றவை நூற்றுக்கு 18. மென்பொருளால் 25. கறண்ட் போன்ற வெளிக் காரணங்களால் 14. கூடின பங்கு, 42, அவற்றை நடத்துகிற ஆட்களின் பக்கம் இருந்தது. பராமரிப்பவர், இயக்குபவர், அமைப்பவர்.

அதாவது நான்.

இரண்டு பிழையும் உண்மைதான். அந்தப் புரோகிராம் கடைசி நேரத்தை நம்பியிருக்கக்கூடாது. மூடும்போதுதான் எழுதுவேன் என்கிற புரோகிராம், மூடுவதற்கு எப்போதும் நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறது. நான் 9 கொடுத்திருக்கவும் கூடாது. கறண்ட் போவதை யாரும் எனக்குச் சொல்லமாட்டார்கள், ஆனால் நான் நிறுத்தப்போவது எனக்குத் தெரியும். உள்ளே யார் நிற்கினம் எண்டு பார்க்கவும் எனக்கு வழி இருந்தது. பார்க்கவில்லை. தரவைக் காப்பது பதிவேட்டின் வேலை, ஆளுக்குச் சொல்வது நிறுத்துகிறவரின் வேலை. ஒன்று இருக்கிறதென்று மற்றதை விடமுடியாது.

நண்பனோடு இரண்டு நாள் இருந்து புரோகிராமை மாற்றினோம். இப்போது ஒரு மலரின் விபரத்தை நிரப்பி முடித்தவுடனேயே அது பதிவேட்டில் ஏறும், ஏறிய பிறகுதான் 'பதிந்தாயிற்று' என்று திரையில் வரும். முதலில் எல்லாம் அமத்தின உடனேயே அந்தச் சொல் வரும். அது பொய். 15 வந்தால் புதிதாக யாரையும் எடுக்காது, உள்ளே இருப்பவரின் திரையில் 'சாத்தப்போகிறோம், எழுதினதை அனுப்புங்கோ' என்று ஒரு வரி காட்டும், 60 செக்கன் பொறுக்கும். சோதிப்பதற்கு அவன் வேண்டுமென்றே 9 கொடுத்தான், பிறகு வயரையும் பிடுங்கினான். 'பதிந்தாயிற்று' என்று சொன்ன ஒன்றும் போகவில்லை.

கொப்பியில் இருந்த 12 ஐயும் கையில் இருந்த மலர்களையும் நானே திரும்ப அடித்தேன். இரவல் மலர்களில் நாலு திரும்பக் கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை. ஒன்றைக் கொண்டுவந்த குடும்பம் இப்போது வெளிநாட்டில், மற்ற இரண்டும் யாரிடம் இருக்கிறதென்று அவற்றைத் தந்தவருக்கே ஞாபகம் இல்லை. பட்டியலில் அந்த மூன்றுக்கும் தலைப்பு மட்டும் போட்டு, மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ரீச்சர் இப்போதும் நிரப்புகிறார். போன கிழமை போனபோது பார்த்தேன், சீஆர் கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது. "எல்லாம் திருத்தீற்றம் ரீச்சர், இப்ப நம்பி அடிக்கலாம்" எண்டேன். "அடிக்கிறன் பிள்ளை" எண்டு சொல்லிவிட்டு, கொப்பியில் அடுத்த வரியை எழுதினார்.